கடலூர் நாக்கும் கட்டி ஹம்மஸும்

கேள்வி: நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் பள்ளி ஆசிரியை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் மே மாதம் லீவில் வந்தபோது, புதுச்சேரி ஒயிட் டவுனில் ஒரு மெடிட்டரேனியன் ரெஸ்டாரன்டுக்கு எங்களை அழைத்துப் போனாள். ஹம்மஸ் என்ற கொண்டைக்கடலை விழுது கட்டியாக, ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த ஜில்லிப்போடு இருந்தது. பீட்டா ரொட்டி ஆறிப்போன சப்பாத்தி மாதிரி. மூசாக்கா என்ற கத்திரிக்காய் அடுக்கு தண்ணீர் விட்டிருந்தது. 'இன்றைய மீன்' என்று போட்டு 1,250 ரூபாய் வாங்கிய மீனில் மீன் வாசமே இல்லை. ஆட்டுக்கறி கோஃப்தா மட்டும் பரவாயில்லை. நான்கு பேருக்கு 5,613 ரூபாய். நான் முகம் சுளித்ததைப் பார்த்து, "அம்மா, உனக்கு இந்த டேஸ்ட் எல்லாம் புரியாது" என்றாள் மகள். சரி, நமக்குத்தான் தெரியவில்லை போல என்று, ஜூன் முதல் வாரம் தங்கை குடும்பம் வந்தபோது மறுபடி போனோம். அதே கதை. திரும்பும் வழியில் என் கணவர் காரை நிறுத்தச் சொல்லி நாலு இட்லி சாப்பிட்டார். அடுத்த மாதம் அவர் ரிடையர் ஆகிறார். 14 பேருக்கு அங்கேயே விருந்து வைக்கலாம் என்கிறாள் மகள். குறை எங்கள் நாக்கிலா, கடையிலா? சாப்பாடு சரியில்லை என்று அங்கே எப்படிச் சொல்வது? சர்வீஸ் சார்ஜ் கட்டாயமா? இன்னொரு சின்ன சந்தேகம்: ஹம்மஸ் நம் வீட்டுக் கிரைண்டரில் வருமா?

பதில்: டீச்சர், உங்கள் நாக்கில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் எழுதியிருக்கும் நான்கு வரியை ஒரு செஃப் படித்தால், அந்தக் கிச்சனில் என்ன நடக்கிறது என்று அங்கே போகாமலே சொல்லிவிடுவார். 26 வருடம் ஹோட்டல் கிச்சன்களில் நின்றவன் நான். அதில் 7 வருடம் துபாயில், லெபனான்காரர் ஒருவரின் கீழ். இப்போது புதிதாகக் கடை போடுகிறவர்களுக்கு மெனுவும் கிச்சனும் அமைத்துக் கொடுக்கிறேன். கீழே சொல்லும் தவறுகளில் பாதி நானே ஒரு காலத்தில் செய்தவை.

ஹம்மஸில் இருந்து தொடங்குகிறேன். அதில்தான் ஒளிய இடம் இல்லை. கொண்டைக்கடலை, எள் விழுது, எலுமிச்சை, பூண்டு, உப்பு. அவ்வளவுதான் சாமான். துபாயில் என் குருநாதர் காலை ஐந்தரைக்கு வருவார். வெந்த கடலை ஒன்றை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்குவார். வெண்ணெய் போல வழிய வேண்டும். ஒரு குருணை தட்டுப்பட்டாலும் அண்டாவை மறுபடி அடுப்பில் ஏற்றச் சொல்வார். எதுவும் பேசமாட்டார், விரலைக் காட்டுவார். அவ்வளவுதான். அந்த ஊர்களில் காலையில் அரைத்ததை அன்றைக்கே, ஃப்ரிட்ஜ் குளிர் படாமல், சில கடைகளில் இளஞ்சூட்டோடே கொடுப்பார்கள். ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் கிடந்த ஹம்மஸ் இறுகிவிடும், பூண்டு காரமும் தூக்கலாகத் தெரியும். கட்டியாக, ஜில்லென்று உங்கள் மேஜைக்கு வந்தது என்றால் அது நேற்றையது. வாரக்கடைசிக் கூட்டத்துக்காக வெள்ளிக்கிழமையே அரைத்து வைத்ததாகவும் இருக்கலாம். கூடவே எள் விழுது விலை அதிகம் என்று அதைக் குறைத்துக் கடலையைக் கூட்டினால், நீங்கள் சொன்ன அந்த மாவுக்கட்டிப் பதம் வந்துவிடும்.

இட்லி மாவு புளித்தது அரை மணி கூடுதலா குறைவா என்று மூக்கால் சொல்லுகிற ஊர் நம்முடையது. அரைத்த பதம் நமக்குத் தெரியாது என்றால் யாருக்குத் தெரியும்?

மீன் விஷயத்தில் நீங்கள் கடலூரில் இருந்துகொண்டு என்னைக் கேட்பதுதான் வேடிக்கை. மே மாதம், அப்புறம் ஜூன் முதல் வாரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கரையில் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு கொண்டுவருவது கொஞ்சம், விலையும் ஏறியிருக்கும். அந்த நாட்களில் ஒரு கடை தினமும், எல்லா மேஜைக்கும் 'இன்றைய மீன்' கொடுக்கிறது என்றால், என்ன மீன் என்று கேட்க வேண்டும். உங்கள் தட்டை நான் பார்க்கவில்லை. ஆனால் முள் இல்லாத வெள்ளைத் துண்டு, வாசம் இல்லை, வாயில் வைத்தால் ஈரமாகக் கரைகிறது என்றால் அது பெரும்பாலும் பாசாவாக இருக்கும். வியட்நாமில் பண்ணையில் வளர்த்து, உறையவைத்து அனுப்பும் நன்னீர் மீன். அதைச் சாப்பிடுவதில் தப்பில்லை, நானும் சமைத்திருக்கிறேன். மெனுவில் பாசா என்று எழுதி அதற்குத் தகுந்த விலை போட்டால் பேச்சே இல்லை.

இனி எங்கே போனாலும் மீன் ஆர்டர் செய்யும் முன் ஒரே கேள்வி: "என்ன மீன் தம்பி, தமிழில் பேர் சொல்லுங்க." கொடுவா, சங்கரா, வஞ்சிரம் என்று பதில் பட்டென்று வந்தால் நம்பலாம். "ஒயிட் ஃபிஷ் மேடம்" என்றால் கோஃப்தாவுக்குப் போய்விடுங்கள். கிரேக்கத்திலும் லெபனானிலும் நல்ல மீன் கடைகளில் முழு மீனைக் காட்டி, எடை போட்டு, பிறகுதான் சுடுவார்கள். உப்பு, ஆலிவ் எண்ணெய், எலுமிச்சை தவிர அதன்மேல் பெரிதாக ஒன்றும் இருக்காது. மீன் பழசாக இருந்தால்தான் அதன்மேல் சாஸ் ஏறும்.

மூசாக்கா தண்ணீர் விட்டதற்கு இரண்டு காரணம்தான் இருக்க முடியும். கத்திரிக்காயை உப்புப் போட்டு வைத்துப் பிழிந்து, வறுத்தோ சுட்டோ அடுக்காமல் அவசரத்தில் அடுக்கியிருப்பார்கள். இல்லையென்றால் ஃப்ரீசரில் இருந்த துண்டை மைக்ரோவேவில் சுட வைத்திருப்பார்கள். அப்போது மேலே இருக்கும் வெள்ளை சாஸ் திரிந்து தண்ணீர் பிரியும். நடுவில் ஜில்லென்றும் ஓரத்தில் நாக்கு சுடும்படியும் இருந்ததா? இருந்தால் இரண்டாவது காரணம். நான் வேலை பார்த்த ஒரு ஹோட்டலில் ஞாயிற்றுக்கிழமை டிரே புதன்கிழமை வரை ஓடியிருக்கிறது. நான்தான் ஓட்டினேன். (அந்த வெள்ளை சாஸ் ஒன்றும் பழங்காலத்துக் கிரேக்க சமாசாரம் இல்லை. நிகோலாஸ் செலெமெந்தெஸ் என்ற சமையல்காரர் 1920களில் பிரெஞ்சு பாணியில் சேர்த்தது. அந்த வகையில் புதுச்சேரிக்குப் பொருத்தமான பண்டம்தான்.)

பீட்டாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. அடுப்பில் இருந்து எடுத்த நிமிடம் பலூன் மாதிரி உப்பியிருக்கும், கால் மணியில் வறண்டுவிடும். பாக்கெட்டில் வருவதைத் தோசைக்கல்லில் ஒரு புரட்டுப் புரட்டிக் கொடுக்கிறார்கள்.

இதெல்லாம் ஏன் நடக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் மெனு அட்டையில்தான் காரணம் இருக்கும். மெடிட்டரேனியன் என்று ஒரு நாடு இல்லை. ஒரு கடலைச் சுற்றி இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள். கிரேக்க மூசாக்கா, லெபனான் ஹம்மஸ், ஸ்பெயின் பயேயா, இத்தாலி பாஸ்தா, மொராக்கோ தஜீன் எல்லாம் ஒரே அட்டையில், மொத்தம் 80, 90 ஐட்டம். கிச்சனோ பழைய வீட்டின் பின்கட்டில் நாலு பேர் நின்றால் முழங்கை இடிக்கிற இடம். அத்தனையையும் அன்றன்றைக்குச் செய்ய முடியாது. ஃப்ரீசர்தான் அங்கே ஹெட் குக். அட்டையில் 20 ஐட்டம் இருக்கிற கடைக்குப் போங்கள் என்றுதான் யாரிடமும் சொல்வேன்.

விலை பற்றி ஒரு வார்த்தை, கடைக்காரர் பக்கம் நின்று. எங்கள் தொழிலில் விற்கும் விலையில் சுமார் 30 சதவீதம் சாமான் செலவு என்பது கணக்கு. மீதி வாடகை, சம்பளம், கரண்ட், வீணாவது எல்லாம் போய் மிச்சம் இருந்தால் லாபம். ஒயிட் டவுன் வாடகை உங்களுக்கே தெரியும். ஆலிவ் எண்ணெய் வெளிநாட்டில் இருந்து வர வேண்டும். ஃபெட்டா சீஸும் அப்படித்தான்: 2002 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் கிரேக்கத்தில் செய்ததற்கு மட்டுமே அந்தப் பெயர், குறைந்தது 70 சதவீதம் செம்மறியாட்டுப் பால் இருக்க வேண்டும். ஆகவே 400 ரூபாய் ஹம்மஸைக் கொள்ளை என்று சொல்லமாட்டேன். 400 ரூபாய் வாங்கிக்கொண்டு நேற்றையதைக் கொடுப்பதைச் சொல்வேன்.

அடுத்தது, எப்படிச் சொல்வது. டீச்சர், இரண்டு முறையும் நீங்கள் ஒன்றும் சொல்லாமல் வந்திருக்கிறீர்கள். கிச்சனில் எங்களுக்கு விமர்சனம் என்பது பாத்திரம் கழுவுகிற இடத்துக்குத் திரும்பி வரும் தட்டுதான். பணம் கொடுத்தாச்சே என்று கஷ்டப்பட்டுக் காலி செய்து அனுப்பினால், 'நன்றாக இருந்திருக்கிறது' என்றுதான் எடுத்துக்கொள்வோம். முக்கால் தட்டு சாப்பிட்டபின் சொன்னாலும் எடுபடாது. இரண்டு வாய், அதற்குள் சொல்ல வேண்டும்.

யாரிடம்? தட்டு கொண்டுவரும் பையனிடம் வேண்டாம், அவனால் ஒன்றும் செய்ய முடியாது. கேப்டனைக் கூப்பிடுங்கள். குரலை உயர்த்த வேண்டாம். "நல்லாவே இல்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "இது அப்படித்தான் மேடம், ஆத்தென்டிக்" என்று சிரித்துக்கொண்டே முடித்துவிடுவார். விடைத்தாளில் மார்க் எங்கே போனது என்று பையனுக்குக் காட்டுவீர்கள் இல்லையா, அப்படிச் சொல்லுங்கள்: "தம்பி, மூசாக்கா நடுவில் ஜில்லுனு இருக்கு, தண்ணி விட்டிருக்கு பாருங்க. வேற கொடுங்க, இல்லைன்னா பில்லில் எடுத்துடுங்க." என்ன குறை, உங்களுக்கு என்ன வேண்டும், இரண்டும் ஒரே மூச்சில். இப்படிக் கேட்டால் பத்தில் எட்டுக் கடை மாற்றிக் கொடுக்கும். திரும்பிப் போன தட்டில் கோபத்தில் ஏதாவது செய்துவிடுவார்களோ என்று பலர் பயப்படுகிறார்கள். இத்தனை வருடத்தில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. தட்டு திரும்பி வந்தால் செஃபின் கண் அந்த அடுப்பின் மேல் விழும், அங்கே நிற்கிற பையனுக்குத் திட்டு விழும், அடுத்த தட்டு ஒழுங்காகப் போகும்.

பில்லுக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய படத்தில் சாப்பாடு 4,860, சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம் 486, இரண்டையும் கூட்டி அதன்மேல் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. 267, ஆக 5,613. ஜி.எஸ்.டி. சட்டப்படி உண்டு, அதில் பேச ஒன்றும் இல்லை. சர்வீஸ் சார்ஜ் வரி கிடையாது. அது கடை வைத்துக்கொள்ளும் பணம். அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. ரெஸ்டாரன்ட் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போயின. 2025 மார்ச் 28இல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே பணம் கட்டும் முன், "சர்வீஸ் சார்ஜை எடுத்துட்டு வேற பில் போடுங்க" என்று சொன்னால் போதும். அன்றைக்குச் சொல்லியிருந்தால் ஜி.எஸ்.டி.யும் குறைந்து 5,103 ரூபாயோடு முடிந்திருக்கும். மாட்டேன் என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அந்த எண்ணை மேஜையிலேயே கூப்பிட வேண்டும் என்பதில்லை. சொன்னாலே பில் மாறி வரும். பரிமாறிய பையன் நன்றாகக் கவனித்திருந்தால் அவன் கையில் நீங்களாகக் கொடுங்கள்.

போன இரண்டு முறைக்காகப் புகார் போடலாமா என்றால், சர்வீஸ் சார்ஜுக்குப் போடலாம், பில் கையில் இருக்கிறது. ருசிக்கு வேண்டாம். தட்டும் இல்லை, அன்றைக்கு நீங்கள் ஒன்றும் சொல்லவும் இல்லை. எதை வைத்து நிரூபிப்பது?

இப்போது விருந்து. மகள் மேல் கோபப்படாதீர்கள். சொந்தச் சம்பாத்தியத்தில் அம்மா அப்பாவுக்குப் புதிதாக ஒன்றைக் காட்ட வேண்டும் என்று நினைக்கிற பெண். 'உனக்குப் புரியாது' என்றதற்கு மட்டும் ஒரு பதில் வைத்துக்கொள்ளுங்கள். கடலூரில் இருந்து புதுச்சேரி போகிற வழியில் வலது பக்கம் அரிக்கமேடு என்ற பழங்காலத் துறைமுகம் இருக்கிறது. 1945இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது கிடைத்த ஜாடி ஓடுகள், இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பு அந்த மெடிட்டரேனியன் கரைகளில் இருந்து ஒயினும் ஆலிவ் எண்ணெயும் மீன் ரசமும் கொண்டுவந்தவை. வண்டியை நிறுத்திக் காட்டுங்கள்.

14 பேர் என்பது பெரிய ஆர்டர், உங்களுக்குப் பேரம் பேச இடம் இருக்கிறது. புக் செய்யும் முன் நீங்களும் மகளும் மட்டும் ஒரு செவ்வாயோ புதனோ மதியம் போங்கள். சனி ஞாயிறு சென்னை, பெங்களூர் கார்கள் வந்து நிற்கிற நாட்களில் எந்தக் கடையையும் எடை போட முடியாது. ஹம்மஸ் ஒன்று, சுட்ட மீன் ஒன்று. வேறு எதுவும் சொல்லாதீர்கள். அந்த இரண்டும் சரியாக இருந்தால் செஃபை வெளியே கூப்பிட்டு, "14 பேர், ஆறே ஐட்டம், அன்றைக்குக் காலையில் செய்தது வேண்டும்" என்று பேசுங்கள். நல்ல செஃபுக்கு இப்படி ஒரு ஆர்டர் வந்தால் சந்தோஷம். இரண்டில் ஒன்று சரியில்லை என்றாலும் வேறு இடம் பாருங்கள். ஒரே கடைக்கு மூன்றாவது வாய்ப்பு தர வேண்டிய கடன் உங்களுக்கு இல்லை.

ரிடையர் ஆகிறவர் உங்கள் கணவர். அவருக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டீர்களா? கடிதத்தில் அவர் செய்ததாக நீங்கள் எழுதியிருப்பது ஒன்றே ஒன்று, காரை நிறுத்தச் சொல்லி இட்லி சாப்பிட்டது.

கடைசிக் கேள்விக்கு ஆசையாகப் பதில் சொல்கிறேன். வரும், மிக்ஸியைவிட நன்றாகவே வரும். வெள்ளைக் கொண்டைக்கடலை 200 கிராம், ராத்திரி ஊறப்போடுங்கள். காலையில் தண்ணீர் மாற்றி, அரை டீஸ்பூன் ஆப்ப சோடா போட்டு, குக்கரில் ஆறு ஏழு விசில். விரலால் நசுக்கிப் பாருங்கள். குருணை இருந்தால் இன்னும் இரண்டு விசில். தோல் தானாகக் கழன்று மிதக்கும், முடிந்தவரை வழித்துப் போட்டுவிடுங்கள். எள்ளுக்கு விருத்தாசலம் பக்கத்துக்காரர்கள் நாம் வெளியே போக வேண்டியதில்லை. தோல் நீக்கிய வெள்ளை எள் 120 கிராம், நிறம் மாறாமல் வெறும் சட்டியில் லேசாகச் சுட வைத்து, இதை மட்டும் மிக்ஸியில், இரண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டு விழுதாக அரையுங்கள். எள்ளுப்பொடிக்கு வறுப்பது போல வறுத்தால் கசந்துவிடும். செக்கு நல்லெண்ணெய் இதற்கு வேண்டாம், ஆட்டும்போது கருப்பட்டி போடுவதால் வாசம் வேறு பக்கம் இழுக்கும். கடலையைக் கிரைண்டரில் போட்டு ஓடவிட்டு, எள் விழுது, இரண்டு எலுமிச்சைச் சாறு, இரண்டு பல் பூண்டு, உப்பு சேர்த்து, ஐஸ் தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாக விடுங்கள். வெளுத்து, பொங்கி வரும். தட்டில் ஊற்றி, ஸ்பூனின் பின்பக்கத்தால் பள்ளம் செய்து, அந்தப் பள்ளத்தில் ஆலிவ் எண்ணெய். முன்கூட்டியே அரைத்து ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். மகள் பஸ் ஏறிவிட்டேன் என்று போன் செய்தபின் கிரைண்டரைப் போடுங்கள்.